சேவல் படம் போட்ட மீன்

எழுத்துக் கூட்டிப் படிக்க வருவதற்கு முன்பே எனக்கு அந்தச் சேவலைத் தெரியும். சேவல் படம் ஒட்டிய டின்னுக்குள் கோழிக்கறிதான் இருக்கும் என்று ஒரு பிள்ளை நினைத்தால் தப்பில்லை. உள்ளே கிடப்பதோ தக்காளிச் சாற்றில் முங்கிய சாடின். 1892இல் அல்ஃப்ரெட் குளூவே என்ற பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூரில் தொடங்கிய வியாபாரம் அது. கடைக்கு வந்தவர்கள் படத்தைக் காட்டி ‘சாப் ஆயாம்’, அதாவது கோழி மார்க்கு, என்று கேட்டுக் கேட்டு வாங்க, அதுவே பெயராகி ‘ஆயாம் பிராண்ட்’ ஆகிவிட்டது. நூறு வருஷத்துக்கு மேலாகக் கோழி பேரில் மீன் விற்கிறார்கள். யாரும் சண்டைக்குப் போகவில்லை. நான் போவேனா?

பிறந்து வளர்ந்தது மலேசியாவின் பேராக்கில் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டம். மழை பிடித்துக்கொண்டால் பாலுக்கு மரம் வெட்ட முடியாது. வெட்டு இல்லையென்றால் காசும் இல்லை. மீன்காரர் மோட்டார் சைக்கிளும் அந்தச் செம்மண் ரோட்டில் ஏறாது. அந்த மாதிரிச் சாயங்காலங்களில் அம்மா குரல் கொடுப்பார்: “ஐயா, தவுக்கே கடைக்கு ஓடி ஒரு சாடின் வாங்கிட்டு வா. புத்தகத்துல எழுதிக்கச் சொல்லு.”

தவுக்கே என்றால் கடை முதலாளி. புத்தகம் என்றால் அட்டையில் 555 என்று போட்ட, உள்ளங்கையில் அடங்கும் கடன் நோட்டு. எங்கள் லயத்துக் கஷ்டமெல்லாம் அதில்தான் குடியிருந்தது. கடன் அப்பா கவலை. நான் டின்னைச் சட்டைக்குள் போட்டு அணைத்துக்கொண்டு மழையில் ஓடி வருவேன். வயிற்றில் தகரம் ஜில்லென்று ஒட்டும். இன்றைக்குச் சாடின் கறி வீட்டில்!

டின் வெட்டுகிற சாமானெல்லாம் எங்களிடம் கிடையாது. பாராங் கத்தியின் முனையை மூடியில் ஊன்றி, பிடியில் உள்ளங்கையால் ஒரே தட்டு. அதுதான் அப்பா. (இங்கிலாந்தில் தகர டின்னுக்குக் காப்புரிமை கொடுத்தது 1810இல். அதைத் திறக்கவென்று ஒரு கருவி வர மேலும் நாற்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது. அதுவரை உளியும் சுத்தியலும்தான். அப்பா நல்ல மரபில்தான் வந்திருக்கிறார்.) அவரைப் போலவே நானும் ஒருநாள் தட்டிப் பார்த்தேன். இடது கட்டைவிரலில் பிறை மாதிரி ஒரு தழும்பு இருக்கிறது.

அம்மாவின் கைப்பக்குவத்தை என்ன சொல்ல! எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, அப்புறம் ஒரு டின்னுக்கு மூன்று பெரிய வெங்காயம். வெங்காயம் குறைந்தால் சாடினே இல்லை என்பது என் கட்சி. அது பொன்னிறம் தாண்டிச் சிவக்கும்போது அரைத்த மிளகாய். பச்சை வாடை போய் எண்ணெய் விளிம்பில் பிரிந்ததும் டின் சாற்றை மட்டும் ஊற்ற வேண்டும். பிறகு டின்னில் அரைவாசி தண்ணீர் விட்டு அலசி, அதையும் ஊற்ற வேண்டும். ஒரு சொட்டு வீணாகக் கூடாது. மீன் கடைசியில். போட்ட பிறகு கரண்டி பக்கமே போகாதீர்கள், சட்டியைப் பிடித்து ஆட்டினால் போதும். அடுப்பை அணைத்து எலுமிச்சை பிழிந்தால் ஒரு வாசனை வரும் பாருங்கள், அடுத்த வீட்டுக்காரர் சோற்றுத் தட்டோடு வந்து நிற்பார்.

அந்த நடுமுள்தான் எனக்கு உயிர்! டின்னை மூடி அடைத்த பிறகுதான் நீராவி அழுத்தத்தில் வைத்து வேகவைக்கிறார்கள். கொதிநீரையும் தாண்டிய அந்தச் சூட்டில் கிருமி சாகிறது, முள்ளும் கனிந்துவிடுகிறது. பல்லில் பட்டால் மொறுக்கென்று ஒரு சின்ன சத்தம், அப்புறம் மாவு. எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள், டின்னில் இருப்பதோ நாலைந்து மீன். முள்ளுக்காக நடந்த சண்டைகளைச் சொன்னால் இன்றைக்கும் அக்காவுக்குக் கோபம் வரும்.

மீந்ததை மறுநாள் காலையில் வெள்ளை ரொட்டிக்குள் வைத்து, பச்சை வெங்காயம் தூவிப் பள்ளிக்குக் கொண்டுபோவேன். மம்மாக் கடை ரொட்டி சானாய் சாடினும் நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ராத்திரி ஊறிய சாடினுக்கு முன்னால் அது சின்னப் பையன்.

“பசார்ல நல்ல மீன் கிடைக்கும்போது டின் மீன் எதுக்குங்க?” என்று என் மனைவி முப்பது வருஷமாகக் கேட்கிறார். பசார் மீன் வேறு, சாடின் வேறு. மாம்பழம் கிடைக்கிறது என்பதற்காக மாங்காய் ஊறுகாயை விட்டுவிடுவோமா? 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது என் அலமாரியில் 425 கிராம் டின் இருபத்து நான்கு இருந்தன. அந்த வாரம் மட்டும் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது மூடியிலேயே வளையம் வந்துவிட்டது. பேரன் இழுத்தால் திறந்துகொள்கிறது. வசதிதான். ஆனால் திறந்ததும் விளிம்பில் தெறித்து நிற்கிற அந்த முதல் சொட்டை விரலால் வழித்து நக்க அவனை விடமாட்டேன், நான் முந்திக்கொள்வேன்.