ஆள்காட்டி விரலுக்கு 14

2025 நவம்பர் 21இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததிலிருந்து சமூகப் பாதுகாப்புத் தொகுப்பைப் புகழும் குரல்கள் ஓயவில்லை. புகழ ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வழியில் நேரும் விபத்து இப்போது இஎஸ்ஐ காப்பீடு இல்லாதவருக்கும் வேலை விபத்தாகிறது. இஎஸ்ஐயும் கையாலாகாத ஏற்பாடு அல்ல. சம்பளத்தில் 0.75 விழுக்காடு பிடித்துக்கொண்டு முழு மருத்துவமும் தருகிறது. காயத்தால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 விழுக்காடும் தருகிறது. ‘அடிபட்ட தொழிலாளிக்கு இனிக் குறையில்லை’ என்கிறார்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டிலும் திருமழிசையிலும் பவர் பிரஸ்ஸில் கை மாட்டியவரைப் பார்த்தால் கூட வேலை செய்பவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “எவ்வளவு பர்சன்ட் போட்டாங்க?” வலி எப்படி, நட்டு முடுக்க வருகிறதா என்பதெல்லாம் அப்புறம்தான். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது, சட்டம் பழக்கிய கேள்வி அது. கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, ஒரு கணு போனால் 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் நறுக்கினால் 5. நடுவிரல் 12. சுண்டுவிரல் 7. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலும் 1948ஆம் ஆண்டு இஎஸ்ஐ சட்டத்திலும் அட்டவணையாக இருந்த இந்த விலைப்பட்டியல்தான் புதிய தொகுப்புக்கும் குடிபெயர்ந்திருக்கிறது. சராசரி நாள்கூலி 500 ரூபாய் என்று வையுங்கள். அதில் 90 விழுக்காடு 450. அதில் 14 விழுக்காடு 63. ஆள்காட்டி விரல் நாளுக்கு 63 ரூபாய்.

தொகை சிறிது என்பதல்ல என் வழக்கு. பட்டியல் அளப்பது எதை? வருமானம் ஈட்டும் திறன் எவ்வளவு குறைந்தது என்று அளப்பதாகப் பெயர், எண்ணுவதோ விரலை. ஆள்காட்டி விரலை இழந்த ஒருவர் சில மாதங்களில் நடுவிரலை அந்த வேலைக்குப் பழக்கிவிடலாம். பக்கத்து மெஷின்காரருக்கு ஐந்து விரலும் இருக்கும். தசைநாண் அறுந்து தைத்த இடம் ஒட்டிக்கொண்டு கை பாதிதான் மூடும். ஸ்பேனர் நிற்காது. ‘உறுப்பின் பயன் முழுமையாகவும் நிரந்தரமாகவும் போனால் அந்த உறுப்பே போனதற்குச் சமம்’ என்று அட்டவணையின் அடியில் ஒரு குறிப்பு உண்டே என்பார்கள். உண்டு. பாதி மூடும் கை ‘முழுமையாக’வில் சேராது. பட்டியலில் இல்லாத காயத்துக்கு மருத்துவர் மதிப்பிடலாமே என்பார்கள். மதிப்பிடலாம், ஆனால் அப்போதும் பட்டியலின் விழுக்காடுகளைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டமே எழுதி வைத்தது. எங்கே சுற்றினாலும் கசாப்புக் கணக்குக்கே வந்து நிற்கிறோம்.

அந்தக் கை என்ன செய்யும், என்ன செய்யாது என்று அளப்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது: ஆக்குபேஷனல் தெரபி. நம் ஊரில் இதையும் ‘பிசியோ’ என்றுதான் சொல்வோம், போகட்டும். பிடிவலுவைக் கிலோவில் பார்ப்பார்கள். ஒவ்வொரு மூட்டும் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று குறிப்பார்கள். ஆணி பொறுக்கவும் திருகு சுற்றவும் வைத்து நேரம் கணக்கிடுவார்கள். கைக்கான அறுவையில் தமிழ்நாடு பின்தங்கிய இடமும் அல்ல. வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைத் திருத்தினார். அதோடு விடாமல் அந்தக் கைக்குத் தொழிலும் பழக்கினார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைக்கும் மறுவாழ்வுக்கும் தனி நிறுவனமே இருக்கிறது. இத்தனை இருந்தும், மெடிக்கல் போர்டு விழுக்காடு போடும்போது தெரபிஸ்ட் எழுதிய தாளைப் பார்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டி இஎஸ்ஐயிலிருந்து வெளியேறியவர் கதை இன்னும் மோசம். கம்பெனி தரும் குரூப் மெடிக்ளைம் அட்டையை அவர் பெருமையாகத்தான் வைத்திருப்பார். அது படுக்கைக்குப் பணம் கட்டும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுக்குப் பல பாலிசிகளில் 60 நாள்தான் கெடு. தசைநாண் தைத்த கைக்குப் பயிற்சி பன்னிரண்டு வாரம் போகும்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு தச்சரின் வழக்கு வந்தது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று வக்கீல்கள் சொல்வார்கள். முழங்கைக்கு மேலே இடக்கை போயிருந்தது. பட்டியலைப் பார்த்தால் அது பகுதி ஊனம்தான். ஒரு கையால் தச்சுவேலை நடக்காது, ஆகவே இழப்பு நூற்றுக்கு நூறு என்ற ஆணையர் முடிவை நீதிமன்றம் ஏற்றது. நீதிபதிகள் அன்று கேட்டது ஒரு தெரபிஸ்ட் கேட்கும் கேள்விதான்: இவருக்கு என்ன வேலை? அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு அம்பத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர் அந்தக் கேள்வியைக் கேட்கவைக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. பிடிவலு எழுதிய தாள் இல்லாமல் மெடிக்கல் போர்டு விழுக்காடு போடக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும்.