மற்றொன்று விரித்தல்: கைப்பிரதிக்குள் ஒளிந்திருக்கும் நூல்

நன்னூலை நாம் பள்ளியில் இலக்கண நூலாக மட்டுமே படித்தோம். எழுத்து, சொல் என்று இரண்டு அதிகாரம், மனப்பாடம், மதிப்பெண், அதோடு சரி. ஆனால் அதன் தொடக்கத்தில் உள்ள பாயிரத்தைப் பொறுமையாகப் படித்தால், நூல் எழுதப் புகும் ஒருவருக்கு வேண்டிய எச்சரிக்கைகள் அங்கேயே இருப்பதைக் காணலாம். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் கேட்டுக்கொண்டபடி அதை இயற்றியவர் பவணந்தி முனிவர் என்னும் சமணத் துறவி. ஒரு நூலில் இருக்கக் கூடாத குற்றங்கள் பத்து என்று அவர் எண்ணிச் சொல்கிறார்.

அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். சொன்னதையே திரும்பச் சொல்வது கூறியது கூறல். எடுத்துக்கொண்ட பொருளை விட்டுவிட்டு வேறொன்றைப் பெருக்கிக்கொண்டு போவது மற்றொன்று விரித்தல். ஆரம்பத்தில் ஆரவாரமாகக் கிளம்பி, போகப் போக மெலிந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் முடிவது சென்று தேய்ந்து இறுதல். நாம் அண்மையில் படித்த புத்தகங்களை நினைத்துப் பாருங்கள். இந்த மூன்றும் இல்லாத புத்தகம் எத்தனை தேறும்?

ஆனால் குற்றப் பட்டியல் கையில் இருந்தால் மட்டும் ஒரு நூல் சீராகிவிடுமா? ஆகாது. குறை சொல்ல ஆளா கிடைக்காது! "இது சரியில்லை" என்று சொல்வதற்கும், "இது இன்னதாக ஆக வேண்டியது" என்று காண்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க உதவுபவர்தான் எடிட்டர்.

தமிழில் இவருக்கு இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. பதிப்பாசிரியர் என்றால் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்த உ.வே.சா. நினைவுக்கு வருகிறார். அச்சுப்பிழை திருத்துபவர் மெய்ப்புத் திருத்துநர். நான் சொல்வது இவ்விருவரையும் அல்ல. எழுத்துப் பிழைக்குப் போகுமுன், வாக்கியத்துக்கும் போகுமுன், "இந்த நூல் எதைப் பற்றியது? யார் சொல்லும் கதை இது? எங்கே தொடங்க வேண்டும்?" என்று கேட்பவர் இவர். நூலாசிரியர் உயிரோடு எதிரே இருக்கும்போதே, நூல் நூலாவதற்கு முன்னால் நடக்கும் வேலை இவருடையது.

இந்த வேலை எத்தகையது என்று வாசகரால் பார்க்க முடியாது. முடிந்த நூல்தான் நம் கைக்கு வருகிறது. அதற்கு முந்திய வடிவம் பரணுக்குப் போய்விடுகிறது. அபூர்வமாக இரண்டு வடிவமும் அச்சில் கிடைக்கும் ஒரு சந்தர்ப்பம் அமெரிக்காவில் வாய்த்தது.

இரண்டு புத்தகம், ஒரே ஊர்

அலபாமா மாநிலத்தின் மன்ரோவில் என்ற சிற்றூரில் பிறந்த ஹார்ப்பர் லீ, எழுத்தாளராகும் ஆசையில் 1949இல் நியூயார்க் போனார். விமானக் கம்பெனியில் டிக்கெட் பதிவு வேலை. 1956 கிறிஸ்துமஸ் அன்று நண்பர் தம்பதி ஒருவர், ஓராண்டு வேலைக்குப் போகாமல் எழுதுவதற்கான பணத்தை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். 1957இல் 'கோ செட் எ வாட்ச்மேன்' என்ற கைப்பிரதி லிப்பின்காட் பதிப்பகத்துக்குச் சென்றது. அங்கே அதை எடுத்துக்கொண்டவர் டே ஹோஹாஃப் என்ற பெண் எடிட்டர்.

அந்தக் கைப்பிரதியின் கதை இது. நியூயார்க்கில் வாழும் 26 வயது ஜீன் லூயி, மேகோம் என்ற தன் சொந்த ஊருக்கு விடுமுறையில் வருகிறாள். தெய்வமாக நினைத்திருந்த தகப்பனார், வக்கீல் ஆட்டிகஸ் ஃபின்ச், கறுப்பின மக்களுக்குச் சம உரிமை கூடாது என்று வாதாடும் குழுவின் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதைக் காண்கிறாள். அவள் உலகம் இடிந்து விழுகிறது. இதற்கு நடுநடுவே, தான் சிறுமியாக இருந்தபோது அண்ணனோடும் தோழனோடும் விளையாடிய நாட்களை நினைத்துக்கொள்கிறாள்.

இது ஒரு முழு நாவலாக அமையவில்லை, தனித்தனிச் சம்பவங்களின் கோவையாகவே இருந்தது என்று ஹோஹாஃப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் எழுதியவர் உண்மையான எழுத்தாளர் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. சுமார் இரண்டரை ஆண்டுகள், திரும்பத் திரும்ப எழுதப்பட்டு, 1960 ஜூலை 11 அன்று வெளிவந்ததுதான் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. 1961இல் புலிட்சர் பரிசு, 1962இல் திரைப்படம், உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்பனை. பழைய கைப்பிரதி 2015 ஜூலையில்தான் தனி நூலாக அச்சேறியது. அன்றிலிருந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க நமக்கு வழி பிறந்தது.

குற்றமே நூலானது

நன்னூலார் கண்ணால் 'வாட்ச்மே'னைப் படித்தால் இரண்டு குற்றம் பளிச்சென்று தெரியும். முதலாவது சென்று தேய்ந்து இறுதல். தகப்பனாரின் மறுபக்கத்தை மகள் காணும் இடம் வரை நூல் ஏறுமுகம். சிறுமியாக எந்த மாடத்திலிருந்து தந்தை வாதாடுவதைப் பார்த்தாளோ, நீதிமன்றத்தின் அதே மாடத்தில் நின்று இந்தக் கூட்டத்தையும் பார்க்கிறாள். அருமையான அமைப்பு. அதற்குப் பிறகு பேச்சு, பேச்சு, பேச்சு. கடைசியில் சித்தப்பா ஒரு அறை கொடுக்கிறார். மகள் சமாதானம் ஆகிவிடுகிறாள். இவ்வளவு பெரிய பிளவு அவ்வளவு எளிதில் மூடிவிடுமா என்று வாசகர் மனம் ஒப்புவதில்லை.

இரண்டாவது, மற்றொன்று விரித்தல். கதை 1950களில் நடக்கிறது; ஆசிரியரோ வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் இருபது வருடம் பின்னால் ஓடிவிடுகிறார். சாதாரணத் திருத்துநர் என்ன செய்திருப்பார்? "பழைய கதையைக் குறை, தகப்பன் மகள் சண்டையைக் கூட்டு" என்று சொல்லியிருப்பார். பட்டியல்படி அதுதான் சரி.

ஹோஹாஃப் நேர்மாறாகச் செய்தார். அந்த இளமை நினைவுகளில்தான் உயிர் இருக்கிறது என்று கண்டு, அந்தச் சிறுமியின் பார்வையிலிருந்தே ஒரு நாவல் எழுதும்படி லீயைத் தூண்டினார். லீயே 2015இல் இதைத் தெரிவித்திருக்கிறார். விரிந்துகொண்டே போன அந்த 'மற்றொன்று'தான் உண்மையான நூல். எடுத்துக்கொண்ட பொருள் என்று ஆசிரியர் நினைத்திருந்ததுதான் வேண்டாத சுமை. ஒருவர் எந்த இடத்தில் தன்னையும் மறந்து விரித்து எழுதுகிறாரோ, அங்கே அவருடைய சரக்கு இருக்கிறது. குற்றம் காண்பவர் அதை வெட்டச் சொல்வார். எடிட்டர் அங்கே தோண்டச் சொல்வார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த கருத்தே இவ்வளவுதான்.

இந்த மாற்றம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரே சான்று போதும். பொய்யான பாலியல் குற்றச்சாட்டில் சிக்கிய கறுப்பின இளைஞனுக்காக ஆட்டிகஸ் வாதாடிய வழக்கு 'வாட்ச்மே'னில் போகிற போக்கில் வருகிறது. அங்கே அவன் விடுதலை ஆகிறான்! 'மாக்கிங்பேர்ட்'டில் அதுவே நூலின் முதுகெலும்பு. டாம் ராபின்சன் குற்றமற்றவன் என்று நீதிமன்றத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தும், தண்டனை கிடைக்கிறது. தகப்பனாரின் பெருமைக்கு அடையாளமாக இருந்த வெற்றி, ஊரின் மனசாட்சிக்கு விழுந்த அடியாக மாறிவிட்டது. தீர்ப்பை மாற்றி எழுதியது லீயின் பேனா. ஆனால் கதையைச் சிறுமியிடம் ஒப்படைத்த பிறகே அந்தத் தீர்ப்புக்கு இந்தக் கனம் வந்தது. நியாயம் ஜெயிக்கும் என்று நம்பும் வயதில் இருப்பவள் முன்னால் நியாயம் தோற்றால்தானே வலிக்கும்!

கொடுத்த விலை

இத்தோடு நிறுத்தினால் எடிட்டருக்கு வாழ்த்துப்பா பாடியதாகிவிடும். நடுநிலையோடு இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

சிறுமியின் கண்ணுக்குத் தகப்பன் எப்போதும் மகான். 'மாக்கிங்பேர்ட்'டின் ஆட்டிகஸ் ஏறக்குறைய குறையே இல்லாத மனிதர். 'வாட்ச்மே'னின் ஆட்டிகஸோ நல்லவர், நேர்மையானவர், அதே சமயம் தன் இனமே உயர்ந்தது என்று நம்புபவர். இரண்டில் எது நமக்குத் தெரிந்த மனிதர்களுக்கு அருகில் இருக்கிறது? நம் வீட்டுப் பெரியவர்களையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஊருக்கு உபகாரி, கோயிலுக்குக் கொடையாளி. சாதி என்று வந்தால் முகம் மாறிவிடும். அந்தக் கசப்பான உண்மையைச் சொல்ல முயன்ற நூல் 55 ஆண்டுகளுக்கு மேல் வெளிச்சம் காணவில்லை. 2015இல் அது வந்தபோது ஆட்டிகஸைக் கொண்டாடி வளர்ந்த வாசகர்கள் பலர் அதிர்ந்து போனதில் வியப்பில்லை.

ஆகவே என் மதிப்பீடு இது: கலை என்ற தராசில் 'மாக்கிங்பேர்ட்' மிக உயர்ந்தது, சந்தேகமில்லை. ஆனால் துணிச்சல் என்ற தராசில் அந்த முதல் கைப்பிரதியின் தட்டுதான் தாழ்கிறது. எடிட்டர் சொல்வதைக் கேட்கும்போது எதைப் பெறுகிறோம் என்பதோடு, எதைக் கைவிடுகிறோம் என்பதையும் எழுதுபவர் கணக்குப் பார்க்க வேண்டும். வியாபாரத்தில் வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாமல் விட்டால் அது கணக்கே அல்லவே!

பேனா யார் கையில்?

ஹோஹாஃபும் லீயும் மணிக்கணக்கில் வாதிட்டதாகப் பதிவு உண்டு. சில சமயம் எடிட்டர் இறங்கி வந்தார், சில சமயம் ஆசிரியர். சில சமயம் இருவரும் நினைக்காத மூன்றாவது வழி பிறந்தது. கேள்வி எடிட்டருடையது, எழுத்து ஆசிரியருடையது. இந்த எல்லை மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

சிறுகதை ஆசிரியர் ரேமண்ட் கார்வரின் 1981ஆம் ஆண்டுத் தொகுப்பை எடிட்டர் கார்டன் லிஷ் பாதிக்கு மேல் வெட்டினார். வெட்டுகளைக் கண்டு கலங்கிய கார்வர், நூலை நிறுத்திவிடும்படி 1980 ஜூலையில் கெஞ்சிக் கடிதம் எழுதினார். நூல் வெளிவந்தது, புகழும் வந்தது. ஆனால் மகனின் பிறந்தநாளுக்குக் கேக் சொல்லிவைத்த பெற்றோரைப் பற்றிய ஒரு கதை, லிஷ் கையில் ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்துவிடுகிறது. கார்வரின் முழு வடிவத்தில், மகனைப் பறிகொடுத்த அந்தப் பெற்றோரை ரொட்டிக் கடைக்காரர் உட்காரவைத்துச் சூடான ரொட்டி கொடுத்து ஆற்றுகிறார். 1983இல் வந்த 'கேத்தட்ரல்' தொகுப்பில் கார்வர் அந்த வடிவத்தை மீட்டுக்கொண்டார். வெட்டப்படாத மூலத் தொகுப்பு, அவர் மறைந்து 21 ஆண்டுகள் கழித்து 2009இல் வெளிவந்தது. சுருக்கம் அழகுதான், ஆனால் அந்த ரொட்டி இல்லாமல் போனது வெறும் சுருக்கம் அல்ல, கருணையின் இழப்பு.

நம் மரபும் நம் கடமையும்

எடிட்டர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் சீவக சிந்தாமணி பற்றி வழிவழியாக வரும் கதையை விட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. சிந்தாமணி பாட விரும்பிய திருத்தக்கதேவரை, எதிரே ஓடிய நரியைக் காட்டி முதலில் அதைப் பற்றிப் பாடச் சொன்னார் அவருடைய ஆசிரியர். நரிவிருத்தம் பிறந்தது. திறமை தெரிந்ததும் காப்பியம் பாட அனுமதி தந்து, கடவுள் வாழ்த்து ஒன்றையும் தாமே பாடிக் கொடுத்தார். பிறகு தேவர் ஒரு வாழ்த்துப் பாட, சீடனுடைய பாட்டே சிறப்பாக இருப்பதைக் கண்டு, அதை முதலில் வைத்துத் தம் பாட்டை இரண்டாவதாக வைக்கச் சொன்னாராம். பரீட்சை வைக்கவும் தெரிய வேண்டும், பின்வாங்கவும் தெரிய வேண்டும்.

இன்றைய தமிழிலும் இந்தப் பணிக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கி, 2020இல் மறையும் வரை நடத்திய எஸ்.ராமகிருஷ்ணன், கைப்பிரதியை ஆசிரியரோடு உட்கார்ந்து செம்மை செய்வதையே பதிப்பின் உயிராகக் கருதியவர். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் அங்கிருந்துதான் வந்தது.

ஆனால் பொதுவாக நம்மிடம் என்ன நடக்கிறது? தாராவியிலும் கரோல்பாகிலும் லேக் மார்க்கெட்டிலும் வாழ்ந்து ஓய்வு பெற்ற நம்மவர்கள், தங்கள் அனுபவத்தை நூலாக்க ஆசைப்படுகிறார்கள். கைக்காசு போட்டு 500 பிரதி அச்சிடுகிறார்கள். மூன்று பேரிடம் அணிந்துரை வாங்குகிறார்கள். பொன்னாடை, காபி, புகைப்படம். பிறகு கட்டுகள் கட்டிலுக்கு அடியில். அச்சுக்குப் போகுமுன் அதை முழுதாகப் படித்து ஒரு கேள்வி கேட்டவர் எவருமில்லை! அணிந்துரைக்கு ஆள் உண்டு, கேள்விக்கு ஆள் இல்லை என்பதே நம் நிலை.

இதில் இழப்பு ஆசிரியருக்கு மட்டுமல்ல. அந்தப் புத்தகத்தில் பதவி உயர்வுகளும் விருதுகளும் 200 பக்கம் இருக்கும். தகப்பனார் எப்படி ரயிலேறி வந்தார், முதல் மழைக்காலத்தை எந்தக் கூரையின் கீழ் கழித்தார், அம்மா அக்கம்பக்கத்தில் இந்தியோ வங்காளியோ எப்படிக் கற்றாள் என்பதெல்லாம் இடையில் நாலு பக்கம் 'மற்றொன்றாக' வந்து போயிருக்கும். அந்த நாலு பக்கம்தான் நூல். அதை யாரும் எடுத்துச் சொல்லாததால், வெளிமாநிலத் தமிழரின் ஒரு தலைமுறை வரலாறு எழுதப்பட்டும் எழுதப்படாததாகவே போய்விடுகிறது. ஊரை விட்டு வந்தவர்களின் கதை ஊரிலும் இருக்காது, வந்த இடத்திலும் இருக்காது. நாம் எழுதினால்தான் உண்டு.

தமிழ்ச் சங்கங்கள் இதற்கு ஒரு வழி செய்யலாம். பெரிய செலவு ஒன்றுமில்லை. நூல் எழுதும் உறுப்பினரின் கைப்பிரதியை, அவருக்கு வேண்டியவர் அல்லாத இரண்டு பேர் முழுதும் படித்து மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் தரட்டும். எங்கே நிறுத்த முடியாமல் படித்தீர்கள்? எங்கே பக்கத்தைத் தள்ளினீர்கள்? இன்னும் சொல்லமாட்டாரா என்று எங்கே ஏங்கினீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் பெரும்பாலும் நூல் ஒளிந்திருக்கும். மீதியை எழுதியவர் பார்த்துக்கொள்வார். பேனா அவர் கையிலேயே இருக்கட்டும்.