ஒரு சொல்லின் சரிவு

ஆங்கில எழுத்துகளில் 'லாங்-சஃபரிங்' என்னும் கூட்டுப் பெயரடையை நாம் அடிக்கடி காண்கிறோம். பெரும்பாலும் அது 'மனைவி' என்னும் சொல்லுக்கு முன்னே வந்து நிற்கும். பொறுப்பற்ற கணவனை நெடுங்காலம் சகித்து வாழ்பவள் என்பது பொருள். ஆனால் இச்சொல்லின் வேரைத் தேடிச் சென்றால், அங்கே நாம் காண்பது துன்புறும் மனைவியை அன்று, இறைவனை.

விடுதலைப் பயண நூலின் 34ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் மோசேக்குத் தம் இயல்பை வெளிப்படுத்துகையில் 'எரெக் அப்பாயிம்' என்னும் எபிரேயத் தொடர் வருகிறது. அதன் நேர்ப்பொருள் 'மூக்கு நீண்டவர்' என்பதாம். எபிரேயத்தில் மூக்கைக் குறிக்கும் சொல்லே சினத்தையும் குறிக்கும். 'மூக்கின்மேல் கோபம்' என்று பேசும் நமக்கு இது விளங்காததன்று. நீண்ட மூக்கினருக்குச் சினம் எழ நெடுநேரமாகும். பொன் கன்றுக்குட்டியை வழிபட்ட மக்களை அடியோடு அழிக்க வல்லவர், அழிக்காமல் விட்டார் அன்றோ!

கிரேக்கம் இதனை 'மக்ரோத்துமோஸ்' என்றது. இலத்தீன் 'லொங்கானிமிஸ்' என்றது. இரண்டும் நெடிய உள்ளத்தையே சுட்டின. 1526இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலமாக்கிய வில்லியம் டிண்டேல், கலாத்தியர் திருமுகத்தில் தூய ஆவியின் கனிகளுள் ஒன்றாக 'லாங்-சஃபரிங்' என எழுதினார். 1611ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பு, விடுதலைப் பயண நூலில் அதையே இறைவனுக்கு அடைமொழியாக்கியது. அக்காலத்தில் 'சஃபர்' என்னும் வினைக்குப் பொறுத்தல், இடங்கொடுத்தல் என்னும் பொருள்களும் இருந்தன. சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வரவிடுமாறு இயேசு கூறும் இடத்திலும் அந்த மொழிபெயர்ப்பு இவ்வினையையே ஆள்கிறது. காலப்போக்கில் அப்பொருள்கள் மங்கின. துன்பமே மேலோங்கி நின்றது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அடிபட்டு வரும் பெண்ணிடம், பொறுமை தூய ஆவியின் கனி என்று அறிவுரை கூறி அனுப்பிவிடுவோர் நம்மிடையே உண்டு. சொல்லின் வரலாறோ வேறு பாடம் புகட்டுகிறது. இது வலியோர்க்கு உரிய அறம். அடிபடுபவளுக்கு முன், கை ஓங்குபவன் கற்க வேண்டியது. தன் சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதனைக் காப்பவனே சினம் காப்பவன் என்று வள்ளுவரும் வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்குகிறார்.

பழைய தமிழ் விவிலியம் இவ்விடத்தில் 'நீடிய சாந்தம்' என்றது. ஆங்கிலம் துன்பத்தின் பக்கம் சரிய, தமிழ் சினம் தணிந்த நிலையைக் காத்தது. இதனை ஓர் அரிய மொழிபெயர்ப்பு என்றே நாம் மதிப்பிடுகிறோம். இனி இச்சொல்லை எடுத்து அறிவுரை கூறுமுன், அதனை யாரிடம் கூறுகிறோம் என்று எண்ணிப் பார்ப்போமாக.