மேடையில் ஒரு மறைசாட்சி

குமரி மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றின் ஆலயத் திருவிழாவில், மறைசாட்சி தேவசகாயத்தின் வரலாற்றை இசை நாடகமாகக் காணும் வாய்ப்பு அண்மையில் கிட்டியது. ஆலய முற்றத்தில் பலகை மேடை. ஓரத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும். எதிரே மணலில் பாய் விரித்து அமர்ந்த மக்கள். இரவு 10 மணிக்குத் தொடங்கிய நாடகம் பின்னிரவு 3 மணிக்கு மங்களத்துடன் நிறைவுற்றது. நடித்தவர்கள் அவ்வூர் மீனவர்களும் அவர்தம் பிள்ளைகளுமே. பகலெல்லாம் உழைத்து இரவில் ஒத்திகை பார்த்த அவர்களிடம் குறை காண மனம் வரவில்லை. ஆயினும், நம் மக்கள் மறைக்கல்வி பெறும் மேடையும் இதுவே. ஆகவே பாராட்டோடு நின்றுவிடுவது நேர்மையாகாது.

முதலில் நிறைவைச் சொல்வேன். 1741ஆம் ஆண்டுக் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்ம மன்னரிடம் சிறைப்பட்டு, பின்னர் அவர் படைக்கே பயிற்சி அளித்தவர் டச்சுத் தளபதி டிலனாய். கால்நடைகளையும் செல்வத்தையும் இழந்து கலங்கிய நீலகண்டனுக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தவர் அவரே. அக்காட்சியை வினாவும் விடையுமான பாடலாக அமைத்திருந்தனர். 'நல்லவனுக்கு ஏன் துன்பம்?' என்னும் வினாவுக்கு மட்டும் விடை அடி இல்லை. ஆர்மோனியம் ஒரே சுரத்தில் நிற்க, இருவரும் மௌனமாக அமர்ந்திருந்தனர். யோபு நூலின் இறையியலை இதைவிடச் செம்மையாக எவ்வாறு உணர்த்துவது! துன்பத்துக்கு எளிய விளக்கம் சொன்ன நண்பர்கள்மீதன்றோ ஆண்டவர் சினம் கொண்டார்?

ஆனால் அந்த நுட்பம் பிற்பகுதியில் காணப்படவில்லை. மன்னர் திரைப்பட வில்லனைப் போல் சிரித்து மிரட்டுகிறார். கத்தோலிக்கரான ஓர் அயல்நாட்டவரை நம்பிப் படையை ஒப்படைத்த மன்னர், தம் அரண்மனை அலுவலர் அதே மறையைத் தழுவியதைப் பொறுக்காதது ஏன்? நாடகம் இவ்வினாவை எழுப்பவே இல்லை. தேவசகாயம் தாழ்த்தப்பட்ட மக்களோடு வேறுபாடின்றிப் பழகியது உயர்நிலையில் இருந்தோரின் சினத்தைக் கிளறிற்று என்பதை அது சொல்லாமல் விடுகிறது. எருமைமேல் பின்னோக்கி அமர்த்தி ஊர் ஊராக இழுத்துச் சென்ற கொடுமைக்கு ஒரு மணி நேரம். அதன் காரணத்துக்கு ஓர் அடியும் இல்லை. மக்கள் கண்ணீர் விட்டனர். எதற்காக அழுதோம் என்பதை அறியாமலே எழுந்து சென்றனர்.

இதனினும் என்னை உறுத்தியது ஒரு சொல். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, சாதிப் பின்னொட்டு இன்றித் 'தேவசகாயம்' என்றே அவர் பெயர் முழங்கியது. நாடகப் பாடல்களிலோ அப்பின்னொட்டு இன்னும் ஒலிக்கிறது. அண்ணாவியாரிடம் கேட்டேன். "அந்தச் சொல்ல எடுத்தா மெட்டு நிக்காது, சாமி" என்றார்.

அவரைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை. பல்லாண்டுகள் மறையுரைகளில் நானும் அச்சொல்லைத் தயக்கமின்றிச் சொன்னவனே. ஆனால் அன்று அதைப் பாடியவர் வலையிழுத்துக் கை காய்ப்பேறிய ஒரு மீனவர். அந்தப் பட்டம் தாங்கியோர் வரும் வழியில் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தவர்கள் அவருடைய முன்னோர். மறைசாட்சி உதறியதை, அவரைப் போற்றும் பாடலே மீண்டும் அவர் தோளில் ஏற்றுவது எத்தனை முரண்! மேடையில் மெட்டுக்காக அச்சொல் நிற்கிறது என்றே கொள்வோம். நம் கல்லறைத் தோட்டங்களிலும் மணப்பேச்சுகளிலும் அது எந்த மெட்டுக்காக நிற்கிறது?

1745ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் திருமுழுக்கின்போது அவர் பெற்றது லாசர் என்பதன் தமிழ் வடிவமான 'தேவசகாயம்'. இறைவனே துணை என்பது அதன் பொருள். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் குண்டுகளுக்கு இரையானபோது அவருக்குத் துணை நின்றதும் அப்பெயரின் பொருளே. அத்துணைக்கு மேலே ஓர் அசையும் வேண்டியதில்லை.

நாடகத்தைக் கைவிட வேண்டாம், ஆண்டுதோறும் நடத்துங்கள். யோபு காட்சியின் மௌனத்தை அப்படியே காத்துக்கொள்ளுங்கள். அந்த ஓர் அடியை மட்டும் மாற்றி எழுதுங்கள். விடைபெறும்போது அண்ணாவியார் தம் தொடையில் தாளமிட்டபடி, அச்சொல் நீங்கிய அடியை மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.