ஒமொதெசாந்தோவும் போடியும்

டோக்கியோவின் ஒமொதெசாந்தோ சாலையில் புதுக் கட்டடங்களைக் காட்டுவதற்கென்றே வழிகாட்டியோடு நடத்தும் நடைகள் உண்டு. ததாவோ அண்டோ, டொயோ இட்டோ, சானா நிறுவனம் எனக் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர்களின் வேலை கூப்பிடு தூரத்தில் அடுத்தடுத்து நிற்கிறது. போடிநாயக்கனூரில் இப்படியொரு நடை எடுபடுமா?

படம் தராததை நடை தரும் என்பது உண்மை. டாட்ஸ் கடைக்காக இட்டோ வடிவமைத்த கட்டடத்தில் (2004) சுவரெங்கும் கான்கிரீட் கிளைகள் ஓடுகின்றன. கீழே தடித்து, மேலே போகப் போக மெலிந்து நெருங்குகின்றன. புத்தகத்தில் பார்த்தால் வெறும் அலங்காரம். சாலையில் நின்றால்தான் பக்கத்து கெயாக்கி மரங்களோடு அதற்குள்ள உறவு புரியும். கட்டடத்தைத் தாங்குவதும் அந்தக் கிளைகளே. அண்டோவின் ஒமொதெசாந்தோ ஹில்ஸ் வளாகத்துக்குள் (2006) சுற்றிச் சுற்றி ஏறும் பாதைக்கு, வெளியே சாலைக்கு உள்ள அதே சரிவு. அதைக் கால்தான் முதலில் கண்டுகொள்ளும்.

ஆனால் ஹில்ஸ் நிற்கும் இடத்தில் 1920களில் கட்டிய டோஜுன்காய் குடியிருப்பு இருந்தது. அதை இடித்துவிட்டு, ஓரத்தில் ஒரு பகுதியை மட்டும் பழைய தோற்றத்தில் திரும்பக் கட்டினார்கள். கட்டியவர் பெயரைப் பிடித்துக்கொண்டு போகும் நடையில், குடியிருந்தவர்கள் ஒரு வரியில் முடிந்துபோவார்கள். மராமத்தும் அப்படித்தான். அதே டோக்கியோவில் கட்டடக் கலைஞர் குரோகாவாவின் நகாகின் கோபுரத்தில் (1972) குடியிருப்புக் கூடுகளை 25 ஆண்டுக்கொருமுறை மாற்றுவதாகத் திட்டம்; ஒன்றையும் மாற்றாமலே 2022இல் பிரித்தார்கள். வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு மராமத்துக் கணக்கு எங்கே தெரியும்? சென்னையில் வரலாற்றாளர் வி. ஸ்ரீராம் நடத்தும் மரபு நடைகளில் மனிதர்களின் கதை முன்னால் வருவதால் இந்தக் குறை அவ்வளவாக உறுத்துவதில்லை.

போடியில் பெயரைத் தேடினால் ஜமீன் அரண்மனையோடு நடை முடிந்தது. மற்றதெல்லாம் கொத்தனாரும் மேஸ்திரியும் கட்டியவை. ஆனால் கட்டடக்கலை மாணவர் பார்க்க வேண்டியது ஏலக்காய் குடோனைத்தான். காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் பெண்களுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மூட்டைக்கோ வெளிச்சம் ஆகாது, பச்சை மங்கினால் விலை இறங்கிவிடும். ஒரே கூரையின் கீழ் இந்த இரண்டையும் ஜன்னலும் சுவரும் எப்படிச் சமாளிக்கின்றன என்பது தெருவில் நின்றால் தெரியாது.

தெருவில் தெரிவதெல்லாம் எலிவேஷன். இதே மாவட்டத்துக் கம்பம் ஊரில் புது வீடு கட்டுபவர்கள் அதற்கென்றே தனியாகச் செலவு செய்கிறார்கள். பெரிய கண்ணாடி, பளபளக்கும் டைல்ஸ். ஆடிக் காற்று புழுதியோடு அடிக்கும்போது அந்தக் கண்ணாடி ஜன்னலைத் திறக்க முடிகிறதா என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டால்தான் வடிவமைப்பின் லட்சணம் வெளிவரும். ஆகவே இங்கே நடையை ஆடியில் வைக்கலாம். வழிகாட்டியாக ஒரு மேஸ்திரியைக் கூப்பிடலாம்.

குடோன்தான் சிக்கல். வேலை நேரத்தில் இருபது பேர் கேமராவோடு உள்ளே போய் நின்றால் வெளிச்சத்தை மறைப்பதே அவர்களாகத்தான் இருக்கும். விடுமுறை நாளில் போனால் கட்டடம் இருக்கும், வேலை இருக்காது. ஐந்து பேர், முதலாளியிடம் மட்டுமல்லாமல் அங்கே வேலை செய்யும் பெண்களிடமும் கேட்டுக்கொண்டு, செல்போனைப் பையில் போட்டுவிட்டுப் போகலாம். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் தெருவோடு நிறுத்திக்கொள்வதே முறை.