கோஷர் முத்திரையும் கூடிக்கொண்டே போகும் கட்டுப்பாடும்

கோகோ கோலா குடிக்கலாமா? 1930களில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ரபியாக, அதாவது யூத மதகுருவாக, இருந்த தோபியாஸ் கெஃபனிடம் யூதர்கள் விடாமல் கேட்ட கேள்வி இது. தயாரிப்பு முறையோ பரம ரகசியம். வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்து, என்னென்ன கலக்கிறார்கள் என்ற பட்டியலை அவர் நிறுவனத்திடமிருந்து பெற்றார். அதில் இருந்த கிளிசரின் மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. ஆயிரத்தில் ஒரு பங்குதான். விலக்கப்பட்ட பொருள் தவறுதலாக விழுந்து, அதைப்போல் அறுபது மடங்கு மற்ற உணவு இருந்தால் குற்றமில்லை என்கிறது யூதச் சட்டம். இங்கே தெரிந்தே சேர்க்கிறார்கள், ஆகவே அந்தச் சலுகை பொருந்தாது என்றார் கெஃபன். அதோடு அவர் நிற்கவில்லை. ஊரே குடிக்கும் பானத்தைத் தடுக்க முடியாது என்று உணர்ந்து மாற்று வழி தேடினார். நிறுவனம் தாவர எண்ணெயிலிருந்து எடுத்த கிளிசரினுக்கு மாறியது. 1935இல் கெஃபன் அனுமதித் தீர்ப்பை எழுதினார்.

யூத உணவு விதிகளுக்கு உட்பட்டதைக் ‘கோஷர்’ என்பார்கள். கோஷர் கண்காணிப்பின் பெரும் பலம் இந்த ஒரு நிகழ்விலேயே தெரிகிறது. வீட்டு அடுப்பில் சமைத்த காலத்தில் தாய்க்குத் தெரிந்தது போதும். ஆலையில் செய்த பண்டத்தில் என்ன இருக்கிறது என்று எந்தத் தாய்க்கும் தெரியாது. உள்ளே போய்ப் பார்க்கவும் கணக்குக் கேட்கவும் ஒருவர் வேண்டும். 1920களில் ஹைன்ஸ் நிறுவனத்தின் அவரைக்கு முத்திரை வழங்கத் தொடங்கிய ஆர்த்தடாக்ஸ் யூனியன் என்ற யூத அமைப்பு இன்று உலகெங்கும் ஆலைகளைப் பார்வையிடுகிறது. வட்டத்துக்குள் ‘யூ’ எழுத்துப் போட்ட அதன் முத்திரையை நம் ஊர்க் கடைகளிலும் சில பொட்டலங்களில் காணலாம்.

சிக்கல் எழுவது, முத்திரை எந்த அளவுகோலைக் காட்டவேண்டும் என்பதில். பாலை எடுத்துக்கொள்வோம். யூதர் அல்லாதவர் கறந்த பாலில் பன்றி, ஒட்டகம் போன்ற விலக்கப்பட்ட விலங்கின் பால் கலந்திருக்கலாம் என்பதால், கறக்கும்போது யூதர் ஒருவர் பார்த்திருக்க வேண்டும் என்று பழைய ரபிகள் விதித்தார்கள். நியூயார்க்கில் வாழ்ந்த ரபி மோஷே ஃபைன்ஸ்டைன் 1950களில் இதை மறுபடி ஆராய்ந்தார். அரசின் சோதனையும் அபராதமும் இருக்கும் நாட்டில் பால் நிறுவனம் கலப்படம் செய்யத் துணியாது, அந்த உறுதி கண்ணால் பார்த்ததற்குச் சமம் என்று தீர்ப்பளித்தார். அதே நேரத்தில், பேணுதல் மிக்கவர் பழைய முறையிலேயே இருப்பது நல்லது என்றும் சொன்னார். எனக்கு இது முன்மாதிரியான தீர்ப்பாகப் படுகிறது. கூடுதல் பேணுதலை விரும்புகிறவருக்கு அதற்கான வாசல் திறந்தே இருக்கிறது. ஆனால் அதன் செலவும் சிரமமும் அடுத்த வீட்டுக்காரரின் தலையில் ஏறவில்லை.

இறைச்சியில் கதை வேறு மாதிரிப் போயிற்று. அறுத்த மாட்டின் நுரையீரலில் ஒட்டுச்சவ்வு இருந்தால் என்ன செய்வது? 16ஆம் நூற்றாண்டில் ஷுல்ஹான் அரூக் என்ற சட்டத் தொகுப்பை எழுதிய யோசேப் காரோ விலக்கச் சொன்னார். போலந்தின் கிராக்கோவ் நகரத்து ரபி மோசஸ் இஸ்ஸெர்லெஸ், சவ்வை மெல்லத் தேய்த்து அகற்றி, நுரையீரலில் ஓட்டை விழவில்லை என்று சோதித்துவிட்டு உண்ணலாம் என்றார். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் தலைமுறை தலைமுறையாக அதன்படியே உண்டார்கள். இன்று அவர்கள் வழிவந்தவர்கள் வாழும் அமெரிக்காவில் பெரிய சான்றிதழ் நிறுவனங்கள் பெரும்பாலும் இத்தகைய சவ்வுச் சிக்கல் இல்லாத, கண்டிப்பான ‘கிளாட்’ இறைச்சிக்கு மட்டுமே முத்திரை தருகின்றன. இஸ்ஸெர்லெஸ் அனுமதித்த கறி கடையிலேயே அரிதாகிவிட்டது.

கண்டிப்பை ஆதரிப்போர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆலையின் வேகத்தில் சவ்வை நிதானமாகத் தேய்த்துச் சோதிக்க நேரம் கிடைப்பதில்லை. கடுமையான அளவுகோலைப் பின்பற்றினால் எல்லாப் பிரிவினரும் ஒரே மேசையில் உட்காரலாம். முதல் வாதத்தை ஏற்கிறேன். இரண்டாவதில் ஒரு பொறி இருக்கிறது. எல்லோரையும் திருப்திப்படுத்த வேண்டுமானால் மிகக் கண்டிப்பானவரின் சொல்லே எப்போதும் வெல்லும், நாளை அவரைவிடக் கண்டிப்பானவர் ஒருவர் வருவார். வரலாற்றாசிரியர் ஹைம் சொலோவெய்ட்சிக் 1994இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதன் வேரைத் தொடுகிறது. பெற்றோரைப் பார்த்துக் கற்ற வழக்கம் அறுந்த இடத்தில் நூல் அதிகாரம் பெற்றது, நூலைப் பார்த்து நடப்பவர் சந்தேகம் வந்தால் கடுமையான பக்கமே சாய்கிறார் என்பது அவர் கணிப்பு.

கூடுதல் கட்டுப்பாடு எப்போதும் பாதுகாப்பு தரும் என்ற எண்ணத்தை 18ஆம் நூற்றாண்டிலேயே ரபி யாக்கோப் எம்டென் மறுத்தார். பஸ்கா பண்டிகை நாள்களில் அஷ்கெனாஸி யூதர்கள், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்தவர்கள், அரிசியையும் பயறு வகைகளையும் உண்பதில்லை, பழைய சட்ட நூலான தல்மூத் அவற்றைத் தடை செய்யாதபோதும். பயறு இல்லாத ஏழைக் குடும்பம் வயிறு நிரம்பப் புளிக்காத மாட்சா ரொட்டியைத்தான் நம்பவேண்டும். தேவை பெருகினால் அவசர அவசரமாகச் சுடுவார்கள். அப்போது மாவு புளித்து, வேதமான தோரா உண்மையில் விலக்கியதையே உண்ண நேரும் என்றார் எம்டென். சிறு விலக்கைக் காக்கப்போய்ப் பெரு விலக்கை மீறுவது, அதுவும் ஏழை வீட்டில்! இதற்கு இணையான வாதம் இந்த விவாதத்தில் வேறில்லை என்பேன்.

இஸ்ரேலில் அதிகாரமும் சேர்ந்துகொண்டது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் கோஷர் சான்றிதழைத் தலைமை ரபிகளின் சபையிடம் ஒப்படைத்தது. நடனக் கலைஞர் ஒருவர் ஆடும் விருந்து மண்டபங்களுக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டபோது, உணவு விதிகளை மட்டுமே பார்க்க வேண்டும் என்று 1990இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கண்காணிப்பாளருக்குச் சம்பளம் கொடுப்பவர், அவர் கண்காணிக்கும் உணவகக்காரரே. அப்படிப்பட்ட ஏற்பாட்டில் யார் யாரைத் தட்டிக் கேட்பது? 2017இல் அதே நீதிமன்றம், சபையின் சான்றிதழ் இல்லாத உணவகங்களும் தாங்கள் பின்பற்றும் விதிகளையும் கண்காணிப்பவரையும் எழுதி வைக்கலாம் என்றது. அடுத்த ஆண்டே ட்சோஹர் என்ற ரபிகள் அமைப்பு மாற்றுக் கண்காணிப்பைத் தொடங்கியது.

உணவை மட்டுமே பார்க்க வேண்டும் என்ற விதியை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் 2008 மே மாதம் அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் ஊரில், அமெரிக்காவின் மிகப் பெரிய கோஷர் இறைச்சி ஆலையில் அரசு நடத்திய சோதனையில் குடியேற்ற ஆவணங்களில்லாத 389 தொழிலாளர்கள் கைதானபோது அந்த விதியின் எல்லை தெரிந்தது. அங்கே வேலைச் சூழல் மோசம் என்ற புகார் அதற்கு முன்பே இருந்தது. தொழிலாளர் நலன் அரசின் வேலை, எங்களுக்கு அதில் பயிற்சி இல்லை என்றனர் முத்திரை தருவோர் பலர். கன்சர்வேட்டிவ் பிரிவு ரபி மாரிஸ் ஆலன், நியாயமான வேலைச் சூழலைக் காட்டத் தனி முத்திரை வேண்டும் என்றார். மேடையில் ஆடுபவருக்கும் தட்டிலிருக்கும் கறிக்கும் தொடர்பில்லை. கறியை அறுத்தவருக்குத் தொடர்பு உண்டு. கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கச் சொல்வதும் அதே தோராதான். 19ஆம் நூற்றாண்டின் ரபி இஸ்ரவேல் சலாந்தரிடம் சீடர்கள், மாட்சா சுடுமிடத்தில் எதில் அதிகக் கவனம் வேண்டும் என்று கேட்டார்களாம். மாவு பிசையும் பெண் கைம்பெண், அவளை அதட்டிவிடாதீர்கள் என்றாராம் அவர்.

கண்காணிப்பு தேவை, அதில் எனக்கு ஐயமில்லை. கூடுதல் கட்டுப்பாடு அதை விரும்பி ஏற்பவரின் செலவில் இருக்கட்டும். எந்த ரபியின் தீர்ப்பின்படி அனுமதித்தோம், கண்காணிப்பாளருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டையும் முத்திரை தருவோர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நுரையீரலைத் தடவிப் பார்க்கும் கண்காணிப்பாளர், அதே கூடத்தில் கத்தி பிடித்து நிற்பவருக்கு எவ்வளவு கூலி என்பதையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.