நிறைந்த கலமும் பசியும்

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, இலை விரித்ததும் வரும் முதல் கேள்வி, "வெள்ளச் சோறா, புழுங்கலா?" எனக்கு அது வெகுநாள்வரை ருசி பற்றிய கேள்வி. அம்மாவின் இனிப்புநீர் சிறுநீரகம்வரை போய்விட்டது என்று தெரிந்தபிறகு, எங்கள் வீட்டில் அது தினசரிச் சண்டையானது. "புழுங்கல்தானடா, ஒண்ணும் செய்யாது" என்பார். வாரத்துக்கு மூன்று நாள் கிள்ளானில் அவரை டயாலிசிஸுக்கு விட்டுவிட்டு, நான்கு மணிநேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்த பொழுதுகளில்தான் சித்தார்த்த முகர்ஜியின் 'தி சாங் ஆஃப் த செல்' (2022) நூலை வாசித்து முடித்தேன். ஆகவே இது நடுநிலையான வாசிப்பு அல்ல. முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

முகர்ஜி புற்றுநோய் மருத்துவர். புற்றுநோயின் வரலாற்றை எழுதி 2011இல் புலிட்சர் பரிசு வாங்கியவர். இந்த நூலில் அவர் செல்லின் கதையைச் சொல்கிறார். 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, வரிசை வரிசையாகச் சிற்றறைகளைக் கண்டார். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக் மழைநீரில் நீந்தும் உயிர்களைக் கண்டார். 1858இல் பெர்லினில் ருடோல்ஃப் விர்கோ, எல்லா நோயும் கடைசியில் செல்லின் கோளாறுதான் என்று நூலெழுதினார். அங்கிருந்து 2012இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு வருகிறோம். எமிலி வைட்ஹெட் என்ற சிறுமியின் டி செல்களை வெளியே எடுத்து, மாற்றியமைத்து, மறுபடி உடம்பில் ஏற்றி, அவளுடைய ரத்தப் புற்றை விரட்டுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது கணையம் பற்றிய பகுதி. டக் மெல்டன் என்ற விஞ்ஞானியின் பிள்ளைகள் இருவருக்கும் டைப் 1 சர்க்கரை நோய். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுப்பதென்று அவர் இறங்குகிறார். கருவுக்குள் ஒரு மூலச்செல் பீட்டா செல் ஆவதற்கு முன் பல படிகளைக் கடக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு சமிக்ஞை. எது முதலில், எது பிறகு, எவ்வளவு நேரம் என்று தெரிந்துகொண்டு, அதே வரிசையைத் தட்டில் வைத்துக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் தோற்று, 2014இல்தான் அவரால் பலன் காட்ட முடிந்தது. ஒரு திசு தன்னைத் தானே எப்படிக் கட்டிக்கொள்கிறது என்பதை ஒரு தகப்பனின் பிடிவாதத்தோடு சேர்த்து வாசிக்கும்போது அறிவியல் வறட்டுச் சமாசாரமாகத் தோன்றுவதில்லை. முகர்ஜியின் பலம் இதுதான்.

பலவீனமும் பக்கத்திலேயே இருக்கிறது. செல்லுக்குள் நோய் எப்படி நடக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்பவர், அந்த நோய் அந்தச் செல்வரை எந்த வழியாக வந்து சேர்ந்தது என்ற இடத்தில் வேகமாக நடக்கிறார். அவர் கொண்டாடும் விர்கோ அப்படி நடந்தவர் அல்ல. 1848இல் மேல் சைலீசியாவில் டைஃபஸ் பரவியபோது அரசு அவரை ஆராய அனுப்பியது. அவர் திரும்பிவந்து எழுதிய மருந்துச்சீட்டில் இருந்தவை கல்வி, சாலை, ஜனநாயகம். செல்லைப் பார்த்த அதே கண்ணால் பசியையும் பார்த்தவர். அந்த அளவுகோலை வைத்துத்தான் முகர்ஜியை மதிப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அளவுகோலைத் தேடி நான் பெர்லினுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கோமுட்டர் ரயில் ஏறினால் வந்துவிடும் கோலாலம்பூரிலேயே அது இருந்தது.

*

1900இல் கோலாலம்பூரில் ஒரு மருத்துவ ஆய்வுக்கழகம் தொடங்கப்பட்டது. இன்றும் ஐஎம்ஆர் என்ற பெயரில் இயங்குவது. அதைத் தொடங்க முக்கியமான காரணங்களில் ஒன்று பெரிபெரி. கால் மரத்து, நடை தளர்ந்து, உடம்பு வீங்கி, இதயம் நின்று சாகும் நோய். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இதற்குப் பலியானார்கள். ஆய்வுக்கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் இதை ஒரு கிருமியின் வேலை என்று நம்பினார். அது கிருமிகளின் காலம். எல்லா நோய்க்கும் ஒரு கிருமி இருந்தாக வேண்டும்.

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார். சயாமிலிருந்து வரும், ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசியைச் சாப்பிடும் சீனர்களுக்கு நோய் வருகிறது. தாங்களே குத்திச் சாப்பிடும் மலாய்க் கிராமத்தாருக்கு அநேகமாக வருவதில்லை. புழுங்கல் சாப்பிடும் தமிழர்களுக்கும் வருவதில்லை. வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் சேர்கிறது என்று அவர் முடிவுகட்டினார்.

இதைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் ஃப்ளெட்சர். இடம், கோலாலம்பூர் மனநல விடுதி. 1905 இறுதியில் அங்கிருந்தவர்களை வரிசையில் நிற்கவைத்து எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு கட்டடத்துக்கு, இரட்டைப்படை எண் வந்தவர்கள் இன்னொன்றுக்கு. ஒரு பக்கம் வெள்ளை அரிசி, மறுபக்கம் புழுங்கல். பக்கத்துக்குச் சுமார் 120 பேர். 1906 முடியும்போது வெள்ளை அரிசிப் பக்கத்தில் நாலில் ஒருவருக்கு மேல் பெரிபெரி கண்டிருந்தது. 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கல் பக்கத்தில் பெரிபெரியால் ஒரு சாவுகூட இல்லை. 1907இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. மருத்துவச் சோதனைகளின் வரலாற்றில் இன்றும் பேசப்படும் கட்டுரை அது.

அந்த 18 பேரின் பெயர் நமக்கு வந்துசேரவில்லை. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கப் போவதில்லை. அந்தச் சொல்லுக்கு இன்றுள்ள பொருள் அன்று இல்லை. வரிசையில் ஒரு இடம் தள்ளி நின்றிருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்கள். அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

அடுத்து, ஐஎம்ஆரின் ஃப்ரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் அதே சோதனையை இன்னும் கட்டுப்பாட்டோடு செய்து, 1909இல் எழுதினார்கள். விஷம் எதுவும் இல்லை. தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒன்றுதான் குறை. பத்தேவியாவில் எய்க்மன் கோழிகளை வைத்துத் தொடங்கிய தேடலும் இதே பக்கம்தான் கைகாட்டியது. 1912இல் காசிமிர் ஃபங்க் 'விட்டமின்' என்ற சொல்லை உருவாக்கினார். தயமின் என்ற அந்தப் பொருளை 1936இல் செயற்கையாகத் தயாரித்த ராபர்ட் வில்லியம்ஸ், நெல்லூரில் பிறந்தவர்.

செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பது 1930களில் ஆக்ஸ்ஃபோர்டில் தெரிந்தது. தயமின் இல்லாத தீவனத்தில் வளர்ந்த புறாக்களின் மூளைத் திசுவை ருடால்ஃப் பீட்டர்ஸ் ஆராய்ந்தார். சோற்றிலிருந்து வரும் சர்க்கரை செல்லுக்குள் நுழைகிறது. பாதிவரை உடைந்து பைருவேட் ஆகிறது. அங்கிருந்து மைட்டோகாண்ட்ரியா என்ற உலைக்குள் அதைத் தள்ள ஒரு நொதி வேண்டும். அந்த நொதி வேலைசெய்யத் தயமின் வேண்டும். தயமின் இல்லையென்றால் பைருவேட் உலை வாசலிலேயே தேங்கி நிற்கும். ஓயாமல் எரிபொருள் கேட்கும் இதயமும் நரம்பும் முதலில் சாயும். வெட்டிப் பார்த்தால் எந்தக் கிழிசலும் தெரியாத இந்தச் சேதத்துக்கு 'உயிர்வேதிக் காயம்' என்று பீட்டர்ஸ் பெயர் வைத்தார். புழுங்கலில் என்ன விசேஷம்? நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் தயமின் தண்ணீரோடு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை.

நம் பள்ளிகளில் செல்லுக்கு 'உயிரணு' என்று படித்தோம். இலங்கைப் பாடநூல்களில் அதற்குச் சொல் 'கலம்'. எனக்கு அந்தச் சொல்தான் பொருத்தம். உண்கலமும் கலம்தான், நெல் அளப்பதும் கலம்தான். பெரிபெரி என்பது கலம் நிறையச் சோறு இருந்தும் உள்ளே பசித்துச் சாவது.

அம்மாவின் நோயும் கிட்டத்தட்ட இதே கதைதான், பூட்டு மட்டும் வேறு. பெரிபெரியில் சர்க்கரை உள்ளே போய்ச் சிக்கிக்கொள்கிறது. டைப் 2 சர்க்கரை நோயில் தசைச் செல்லின் கதவு இன்சுலினுக்குச் சரியாகத் திறப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரை வழிகிறது, செல்லுக்கு வேண்டியது கிடைப்பதில்லை. அன்று நம்மைக் காத்த புழுங்கலும் அளவு மீறினால் இந்தக் கதவில் முட்டி நிற்கும் இன்னொரு சர்க்கரைதான். அம்மாவிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் விதிடா" என்றார்.

*

அந்த ஒரு வார்த்தைதான் என்னை இதை எழுதவைத்தது. நம் மலேசியத் தமிழ் எழுத்தில் நோய் வரும்போதெல்லாம் பெரும்பாலும் அம்மாவின் குரலில்தான் வருகிறது. கதாநாயகன் இருமினால் அது வறுமையின் குறியீடு. கால் வெட்டப்பட்டால் அது குடும்பத்தின் வீழ்ச்சி. நோய்க்குத் தன்னுடைய நடை, தன்னுடைய காரணம், தன்னுடைய நேரம் உண்டு என்பதை நாம் எழுத்தில் நம்புவதில்லை. காரணம் தெரிந்தால் சோகம் குறைந்துவிடும் என்ற பயமாக இருக்கலாம். உண்மையில் நேர்மாறாகத்தான் நடக்கிறது.

சயாம் மரண ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' இரண்டும் நம் வாசகர்கள் அறிந்த நாவல்கள். ஜப்பான்காரன் காலத்தில் பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் அந்தப் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். காலராவும் மலேரியாவும் கொன்றன. கூடவே பெரிபெரியும். எந்த மக்களுக்கு இந்த நோய் வருவதில்லை என்று கவனித்து விடுகதை அவிழ்ந்ததோ, அதே மக்களின் பிள்ளைகள், விடை தெரிந்து முப்பது வருடங்களுக்கு மேலான பிறகு, தீட்டிய அரிசியைத் தின்று கால் வீங்கிக் கிடந்தார்கள். மருந்து வானத்திலிருந்து வர வேண்டியதில்லை. ஒரு பிடி தவிடு போதும். விதி என்று சொன்னால் இந்தக் கொடுமை மறைந்துபோகிறது. காரணத்தைத் தெரிந்துகொண்டு அந்த நாவல்களுக்குத் திரும்பினால், ஒவ்வொரு கஞ்சிக் குவளையும் வேறு மாதிரித் தெரிகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்தக் கட்டுரையைப் பாதி வாசித்துவிட்டு, "பார்த்தீங்களா, நம்ம முன்னோர் அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டாங்க" என்று வாட்ஸ்அப்பில் யாராவது போடலாம். முன்னோர் அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவித்த நெல் சுலபமாக உமி நீங்கும், அதிகம் நொறுங்காது, பூச்சி அரிக்காமல் நாள்பட இருக்கும். அதற்காக அவித்தார்கள். தயமின் தற்செயல். பெரிபெரியிலிருந்து தப்பிய அதே தமிழர்கள் தோட்டத்து லயங்களில் மலேரியாவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கிள்ளானில் மால்கம் வாட்சன் 1901இல் சதுப்பு நிலத்தை வடிகட்டத் தொடங்கியபிறகுதான் அந்த ஊரில் சாவு குறைந்தது. பெருமையும் விதியைப் போலத்தான். இரண்டும் அடுத்த கேள்வியைக் கேட்க விடாது.

முகர்ஜியின் நூலைக் கட்டாயம் வாசியுங்கள். செல் எப்படி உழைக்கிறது, எப்படிச் சோர்கிறது, எப்படி இன்னொன்றாக மாறுகிறது என்பதை ஒரு கதைசொல்லியின் வாயால் கேட்பது நம் எழுத்தாளர்களுக்கு மிக அவசியம். ஆனால் அவர் பாடும் பாட்டில் நுண்ணோக்கிக்கு மேலே குனிந்திருப்பவர்களின் குரல்தான் ஓங்கிக் கேட்கிறது. கண்ணாடித் தகட்டில் இருப்பவர்களின் குரல் சன்னமாகத்தான் வருகிறது. அதை அவர்தான் எழுத வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை. கோலாலம்பூர் விடுதியில் வரிசையில் நின்றவர்களைப் பற்றிய நாவல் இந்த ஊர்க்காரர் ஒருவர் எழுத வேண்டியது. அதை எழுதுகிறவருக்குப் பைருவேட் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். ஒற்றைப்படை எண் வந்தவன் அன்று ராத்திரி என்ன சாப்பிட்டான், பக்கத்துக் கட்டடத்தில் சாப்பிட்டவனைப் பார்த்து என்ன நினைத்தான் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

போன வாரம் டயாலிசிஸ் முடிந்து வரும்போது அம்மா, "அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக் கதை இருக்கே, அதுல செத்தவங்க வீட்டுக்காரங்களுக்குச் சொன்னாங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அதைத்தான் மொதல்ல கேட்டிருக்கணும்" என்றார்.